வெள்ளிக்கிழமைப் புகை

ஒரே ரயிலை நடுவழியில் இரண்டாக்கி, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை இன்னோர் ஊருக்கும் அனுப்புவார்கள் என்று ஜெர்மனிக்குப் புறப்படும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஸ்டேஷனில் ஒலிபெருக்கி நீளமாக ஏதோ அறிவித்தது. பெட்டியிலிருந்த எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். கூட்டம் குறைந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நான் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்தேன். நாயோடு கடைசியாக இறங்கிய ஓர் அம்மாள் திரும்பி வந்து, என் தோளைத் தட்டி, முன்பக்கம் கை காட்டினார். நான் சிரித்துத் தலையாட்டி விடை கொடுத்தேன். அவர் பாவம், நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் போகவேண்டிய ஊர் முன்பாதியோடு போய்விட்டது.

இப்படித்தான் மதியம் சேரவேண்டியவள், இருட்டிய பிறகு ஐஃபல் தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சங்கடப்படுவார்கள். விட்டுவிடுகிறேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் காற்று மாசைக் கவனிக்கிற அரசுத் துறையில் பொறியாளர் நான். ஆனைமலைக் காடுகளுக்காக ஒரு விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. காப்புக் காட்டில் நிற்கிறவனுக்கு எதிர்மலை தெரிய வேண்டும், அதை மறைக்கிற புகையைக் கட்டுப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் விதி. எங்கள் மேலதிகாரி வரைவைப் படித்துவிட்டு, "மூச்சு முட்டுதுன்னா சட்டம் போடலாம். மலை தெரியலைன்னு யாரும்மா சட்டம் போடுவா?" என்று கேட்டார். அமெரிக்காவில் போட்டிருக்கிறார்கள். பெரிய தேசியப் பூங்காக்களில் தூரத்துக் காட்சி தெரிவதற்கென்றே அங்கே சட்டம் உண்டு. ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்ப எங்கள் துறையிடம் பணம் இல்லை. ஜெர்மனியில் ஒரு மாவட்டம் அதேபோல ஒன்றைச் சின்ன அளவில் முயன்று பார்க்கிறது என்று தெரியவந்தது. செலவை அவர்களே பாதி ஏற்கிறார்கள் என்றதும் மேலதிகாரிக்கும் மலைக்காட்சியில் ஆர்வம் வந்துவிட்டது.

தங்க ஏற்பாடு செய்தவர் ஹைக்கே. அந்த மாவட்டத்தில் காற்றை அளக்கிற அலுவலர், என் வயதுப் பெண்மணி. சரிவில், ஊருக்குச் சற்று மேலே, ஒரு பீட்சா கடையின் மாடியில் அறை. கடைக்கு இத்தாலியப் பெயர். 'நல்ல காட்சி' என்று அர்த்தமாம். உள்ளே நுழைந்தபோது கல்லாவில் இருந்தவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் கணவருக்கு போன் போட்டு, "வந்து சேர்ந்துட்டேங்க. ஓனர் இத்தாலிக்காரர். பார்த்தா நம்ம பொள்ளாச்சி ஆள் மாதிரியே இருக்கார்" என்றேன்.

"பொள்ளாச்சி இல்லைத் தங்கச்சி, சாவகச்சேரி" என்றார் அவர். "சாப்பிட்டிட்டுக் கதையுங்கோ. ஆறிப்போகும்."

நேசன் அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் இப்படித்தான் எனக்கு அறிமுகமானார்கள். இளவயதில் அகதியாக வந்த அண்ணை, ஓர் இத்தாலியரிடம் பாத்திரம் கழுவி, மாவு பிசைந்து, பிறகு அவருடைய கடையையே வாங்கிவிட்டார். அன்று எனக்கு வந்தது பட்டியலில் இல்லாத பீட்சா. சீஸுக்கு அடியில் ராணி அக்கா மிளகாயும் தேங்காயும் சேர்த்து இடித்த சம்பல். முதல் கடியில் கண்ணில் நீர் வந்தது. பக்கத்து மேசையில் இரண்டு ஜெர்மன் தாத்தாக்கள் அதையே, வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடையின் நடுவே ஆளுயரத்தில் விறகு அடுப்பு. செங்கல் செங்கல்லாக அண்ணை தானே கட்டியது. "இந்த நாட்டில விசாவுக்கு அன்ட்ராக், வேலைக்கு அன்ட்ராக், வீட்டுக்கு அன்ட்ராக்" என்றார். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். "ஒருத்தரிட்டயும் கேக்காமல் நானாச் செய்தது இந்த அடுப்பு ஒண்டுதான்."

அடுப்புக்கு மேலே புகைபோக்கி ஆய்வாளரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "அது பிறகு எடுத்தது" என்றார்.

மறுநாள் ஹைக்கே என்னைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். பாதையை விட்டு ஓரடி இறங்கக் கூடாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பார்க்காத இந்த மனிதர்கள், காட்டுக்குள் எதிர்ப்பட்டால் மட்டும் சொந்தக்காரர்களைப் போல வணக்கம் சொல்கிறார்கள். நம் ஊரில் இது நேர்மாறு. ரயிலில் சம்பளம் வரைக்கும் விசாரிப்போம்; காட்டில் ஆளைக் கண்டால் பயப்படுவோம்.

மேலே ஒரு காட்சிமுனை. அங்கே ஒரு கம்பத்தில், கீழே ஊரையும் எதிரே மலைகளையும் பார்த்தபடி காமிரா. பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. மழை பெய்து காற்று வீசிய நாளில் நாலு மலை தெரியும் என்றார் ஹைக்கே. குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் ஒன்றுதான் தெரியும். புகை மேலே போக முடியாமல் பள்ளத்தாக்கிலேயே படுத்துக்கொள்ளும். அன்று கொஞ்சம் காற்று இருந்தது. மூன்றை எண்ணினேன்.

"எங்கள் நாட்டிலும் பார்வைக்கென்று தனிச் சட்டம் இல்லை" என்றார் அவர் ஆங்கிலத்தில். "காற்றுச் சட்டம் நுரையீரலுக்கும் மரத்துக்கும். இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில் நிலக்காட்சியின் அழகு வருகிறது, ஆனால் அது புகையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்கப் பார்க்கிறோம்."

தையல் இதுதான். காற்று அசையாத நாள் என்று மாவட்டம் அறிவித்தால், வேறு சூடேற்றும் வசதி உள்ள வீடுகளில் விறகு அடுப்பு மூட்டக் கூடாது. தொழிலுக்கு எரிப்பவர்களுக்கு விலக்கு. அந்த ஊரில் தொழிலுக்கு விறகு எரிப்பவர் ஒரே ஒருவர், நேசன் அண்ணை. திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். அதில் ஏற்றுக்கொண்டால் உடனே அமல்.

கேட்டதும் எனக்குத் திருப்தியாக இருந்தது. என் வரைவிலும் மலைச்சாலை டீக்கடைகளுக்கு விலக்கு எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹைக்கே முகம் தொங்கிப்போய் வந்தார். கடையின் வெளித்தளத்துச் சுவரில் காற்றின் தூசியை அளக்கிற பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஊரின் விளிம்பு அதுதான் என்பதால் அந்த இடம். அதன் வரைபடத்தைக் காட்டினார். எல்லா நாளும் தரையோடு தரையாகப் போகிற கோடு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மாலையில் கோபுரம் மாதிரி எழுந்து இறங்கியிருந்தது. ஒரு வாரம் தப்பவில்லை.

"வார இறுதிக்காக நேசன் ஈர விறகைப் போட்டு எரிக்கிறார் என்று ஊரில் பேசுகிறார்கள்" என்றார். "எங்கள் அடுப்பை நிறுத்திவிட்டு அவருக்கு மட்டும் விலக்கா என்று கூட்டத்தில் கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வது? விலக்கு போய்விடும்."

விறகு அடுப்பு இல்லையென்றால் அந்தக் கடை மற்றொரு பீட்சா கடை. கீழே பெரிய ஊரில் அப்படிப் பல இருக்கின்றன. எனக்கு அண்ணையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவருடைய விறகுக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். பீச் என்கிற காட்டு மரம், தட்டினால் கணீரென்றது. ஈரமாவது ஒன்றாவது.

அன்று மாலை கடை திறக்கும் முன் அறையிலிருந்து இறங்கி வந்தேன். பாதிப் படியிலேயே மூக்கு சொல்லிவிட்டது. சாம்பிராணி. அண்ணை குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, தூபக்காலை ஏந்தி நின்றார். கரி, துருக்கிக் கடையில் ஹுக்காவுக்கு விற்கிற கரியாம். சாமிப் படத்துக்குக் காட்டினார். கல்லாவுக்கு, மாவு பிசைகிற மெஷினுக்கு, கார்டு தேய்க்கிற மெஷினுக்குக் காட்டினார். பிறகு கதவைத் திறந்து வெளித்தளத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். சுவரிலிருந்த அளவைப் பெட்டியின் முன் நின்று, அது காற்றை இழுக்கிற மூக்குக்கு நேராக, மூன்று சுற்று நிதானமாகச் சுற்றினார்.

"அண்ணா, என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"இதுவும் எங்கட கடையிலதானே நிண்டு வேலை செய்யுது" என்றார். "இதை மட்டும் விட்டால் வடிவில்லை."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குக் கணினிக்கெல்லாம் பொட்டு வைத்து, ஒருமுறை யாரோ சந்தனத்தை விசிறிக்குள்ளேயே விட்ட கதை நினைவுக்கு வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வரைபடத்தின் வெள்ளிக்கிழமைக் கோபுரங்களைப் பற்றிச் சொன்னதும் ராணி அக்காவும் சேர்ந்துகொண்டார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நானேதான் எனக்கு ஆப்பு வச்சிருக்கிறன்" என்றார். தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு, "இதை அவையளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? மெசினுக்குப் புகை காட்டினன் எண்டு சொன்னால் விசரன் எண்டெல்லோ நினைப்பினம்."

"விசரன் எண்டு நினைச்சால் அடுப்பு மிஞ்சும்" என்றார் அக்கா. "வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுப்புப் போகும். எது வேணும்?"

சனிக்கிழமை ஹைக்கேயிடம் நான் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். விளையாட்டல்ல என்று தெரிந்ததும் தூபக்காலைக் கேட்டு வாங்கி, பெட்டிக்கு முன்னால் தானே ஒரு சுற்றுச் சுற்றினார். கையிலிருந்த கணினியில் கோடு கோபுரம் கட்டியது. "நல்ல வாசனை" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊரே வாயடைத்துக் கிடந்தது. துணி துவைக்கிற சத்தம்கூட வரக்கூடாதாம். பேக்கரி மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறந்திருந்தது. பாட்டிகளும் பைக்கில் வந்த வாலிபர்களும் ஒரே வரிசையில் நின்று ரொட்டி வாங்கினார்கள். அண்ணை அன்று முழுக்க, திங்கட்கிழமை சொல்ல வேண்டியதை மாவு பிசைந்தபடி ஜெர்மனில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தில். திங்கள் கடைக்கு விடுமுறை என்பதால் அக்காவும் வந்து, எனக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து மேசையைத் தட்டித் தட்டி நெடுநேரம் பேசினார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"விறகு விலை கூடிப்போச்சாம்" என்றார் அக்கா.

"இவ்வளவு நேரம் அதையா சொன்னார்?"

"மிச்சம் எல்லாம் மேயரை ஏசினது. அது உங்களுக்குத் தேவையில்லை."

பிறகு வெள்ளிக்கிழமை வரைபடம் திரையில் வந்தது. முணுமுணுப்பு எழுந்தது. அண்ணை எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பேசினார். நடுநடுவே 'பெட்டி' என்று அவர் கையால் காட்டிய சதுரமும், மூன்று சுற்றும் எனக்கே புரிந்தன. முடித்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மீசைக்காரர்தான் வாயைத் திறந்தார். அக்கா இம்முறை முழுதாக மொழிபெயர்த்தார்: "போன வருசம் இந்தக் கட்டடத்தில நிக்கிற புதுத் தீயணைப்பு வண்டிக்கு எங்கட பாதிரியார் வந்து புனித நீர் தெளிச்சவர். எல்லாரும் தொப்பியைக் கழட்டினனாங்கள். நேசன் பெட்டிக்குச் செய்ததில என்ன பிழை எண்டு கேக்கிறார்." சபை கொல்லென்று சிரித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. அந்த மீசைக்காரரைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஹைக்கே வெள்ளிக்கிழமைகளை நீக்கிய கோட்டைப் போட்டுக் காட்டினார். பெட்டியைப் பொறுத்தவரை அடுப்பின் புகை ஒரு பொருட்டே இல்லை. விலக்கு பிழைத்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஹைக்கே நேர்மையான அலுவலர். காமிராப் படங்களையும் போட்டார். காற்று அசையாத ஒரு நாள், மதியம். வீட்டுப் புகைகள் கீழே பள்ளத்தில் தேங்கியிருந்தன. அதற்கு மேலே, சரிவிலிருந்த கடையின் புகைபோக்கியிலிருந்து ஒன்று தனியாகக் கிளம்பி, கூரைக்குச் சற்று மேலே போய், அங்கிருந்து குறுக்கே படுத்து, காயப்போட்ட வேட்டி மாதிரி நீண்டிருந்தது. அது சரியாக இரண்டாவது மலையின் மேல் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த படம் ஒரு திங்கட்கிழமை, அதேபோலக் காற்றில்லாத மதியம், அடுப்பு அணைந்திருந்த நாள். இரண்டாவது மலை இருந்தது.

"மூச்சுக்கு இது கெடுதல் என்று சொல்ல என்னிடம் எண் இல்லை" என்றார் ஹைக்கே. "கண்ணுக்குத்தான்."

விதிப்படி யாரும் அண்ணையை ஒன்றும் கேட்க முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. அவர்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, நீங்கள் அரசாங்க ஆள். உங்கட ஊர் விதியில என்ன எழுதுவியள்?"

"உங்களை மாதிரி கடைக்கெல்லாம் விலக்கு கொடுத்துத்தாண்ணா எழுதியிருக்கேன்" என்றேன். அது உண்மை.

"பாவம் பாத்து எழுதினியளோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "நான் கட்டின அடுப்பு. சனம் வெளியில வந்து இருந்து, எங்க மலையைக் காணேல்லை எண்டு கேக்கும். மூடுபனி, பின்னேரம் விலகும் எண்டு சொல்லுவன். இவ்வளவு காலமும் மூடுபனி எண்டுதான் சொன்னனான்." திரையை நோக்கிக் கை காட்டினார். "கடைக்குப் பேர் வேற 'நல்ல காட்சி' எண்டு வச்சிருக்கிறன்."

அவர் எழுந்தபோது அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சருங்கோ, ஒண்டும் சொல்லாதேங்கோ, எல்லாம் சரிவந்திட்டுது." அவர் மெல்லக் கையை விலக்கிவிட்டுப் பேசினார். இரண்டே வாக்கியம். அக்கா மொழிபெயர்க்கவில்லை. மேயர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, அது கட்டாயமில்லை என்பதுபோல ஏதோ சொன்னார். அண்ணை தலையை ஆட்டி மறுபடி அதையே சொன்னார்.

"காத்தில்லாத நாளில தானும் மூட்டமாட்டானாம்" என்றார் அக்கா, கோபத்தில் கணவரை ஒருமைக்கு இறக்கி. "விலக்கை வெட்டச் சொல்லுறான்."

கைகள் உயர்ந்தன. விறகு விலைக்காக அழுத மீசைக்காரரும் கை தூக்கினார். விதி நிறைவேறியது. வீடு வரும் வழியெல்லாம் அக்கா எங்கள் இருவருடனும் பேசவில்லை.

வியாழக்கிழமை காற்று நின்றது. காலையிலேயே எல்லோருடைய போனுக்கும் மாவட்டத்தின் அறிவிப்பு வந்துவிட்டது. அண்ணை வழக்கமான நேரத்துக்கு அடுப்பின் முன் போய் நின்று, உள்ளே அடுக்கியிருந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். நான் அவற்றைச் சுவரோரம் அடுக்கினேன். ஒருத்தரிடமும் கேட்காமல் தானே கட்டியது என்று அவர் பெருமைப்பட்ட அடுப்பு. இப்போது அது வெறும் செங்கல்லாக இருந்தது.

அடுக்களையில் அக்கா மின் அடுப்பில் பெரிய தட்டை ஏற்றினார். "சும்மா இருக்க ஏலாது" என்றார். அது மூன்று நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. ரொட்டியை முட்டையோடும் மரக்கறியோடும் போட்டு இரண்டு தகட்டால் கொத்தத் தொடங்கினார். டகடக என்ற சத்தம் சரிவு முழுக்கக் கேட்டது. மீசைக்காரர் என்னவோ உடைகிறது என்று நினைத்து ஓடிவந்து, உட்கார்ந்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பிறகு அவருடைய சகாக்களை அழைத்தார். கடை நிறைந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி மேசை. அக்கா எண்ணிப் பார்க்காததுபோல எண்ணிக்கொண்டிருந்தார்.

மதியம் ஹைக்கே வந்தார். எல்லோரும் தட்டோடு வெளித்தளத்துக்குப் போனோம். குளிரில் மூக்கு சிவந்தது. கீழே ஊரில் இரண்டொரு புகைபோக்கிகள் மட்டும் ரகசியமாக மூச்சு விட்டன. யாருடையவை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. முதல் மலை தெளிவாக இருந்தது. அதன் பின்னால் இரண்டாவது, உச்சி மரங்களின் வரிசையோடு, நீலமாக நின்றது.

அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். காற்றில்லாத நாளில் கடை திறந்திருக்கும்போது அவர் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"மூண்டாவது எங்க?" என்று ஹைக்கேயிடம் ஜெர்மனில் கேட்டுவிட்டு, எனக்கும் தமிழில் சொன்னார்.

ஹைக்கே உதட்டைப் பிதுக்கினார். அதை மறைப்பது இந்த ஊர்ப் புகை இல்லை. தொலைவிலிருந்து வருவது. பெரிய புகைபோக்கிகள், நெடுஞ்சாலைகள், எல்லைக்கு அப்பாலிருந்தும் கொஞ்சம். அதை ஊர்க்கூட்டம் போட்டு நிறுத்த முடியாது, அரசாங்கங்கள்தான் செய்ய வேண்டும் என்றார்.

அண்ணை அதைக் கேட்டுக்கொண்டார். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை வழித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறவரின் முகம்.

"என்ர மலையை நான் விட்டிட்டன்" என்றார். "மூண்டாவது அரசாங்கத்தின்ர. அது உங்கட மலை, தங்கச்சி."

மூன்றாவது மலை இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த வானம்தான் இருந்தது. அதைப் பார்த்தபடி நான் என் தட்டைக் காலி செய்தேன்.